பத்திரத்தில் எழுதாத சந்தா: சாலைக் கட்டணம் கேட்கும் அதிகாரம் சங்கத்துக்கு எங்கிருந்து வருகிறது?

ஆண்டுக்கு 50 டாலர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஜெஃபர்சன் கவுண்டியின் மலைப்பகுதியில் இருக்கும் எவர்கிரீன் ஹைலண்ட்ஸ் என்னும் மனைப்பிரிவில், ஒரு மனை உரிமையாளர் கட்ட மாட்டேன் என்று சொன்ன தொகை அவ்வளவுதான். அந்த 50 டாலர், விசாரணை நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், 2003ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. வழக்குச் செலவை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் இந்த வகைத் தகராறுகளில் தொகை பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கிறது, கட்ட மறுப்பவர் முன்வைப்பது “கேட்பதற்கு நீங்கள் யார்?” என்ற கேள்வியை, அதற்குச் சங்கத்தின் கையில் பல நேரம் ஆயத்தமான பதில் இருப்பதில்லை.

கிராமப்புறக் குடியிருப்போர் சங்கங்கள் சாலைப் பராமரிப்புக்கென்று பணம் வசூலிக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேச, இந்த வழக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தகராறில் இருந்தது சாலையல்ல, ஒரு பொதுப் பூங்கா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் பத்திரம் மௌனமாக இருக்கும்போது சங்கம் பணம் கேட்கலாமா என்ற கேள்வி இவ்வளவு தெளிவாக ஒரு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது அரிது. பூங்காவுக்குச் சொன்னது சாலைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

நடந்தது

எவர்கிரீன் ஹைலண்ட்ஸ் மனைப்பிரிவில் 63 மனைகளும், அவற்றுக்கான சாலைகளும், 43 ஏக்கர் பரப்புள்ள ஒரு பூங்காவும் இருந்தன. மனைகளை விற்ற நிறுவனம் 1972இல் நிலப் பதிவேட்டில் சில நிபந்தனைகளைப் பதிவு செய்தது. அவற்றில் சங்கம் என்ற ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தது. பூங்கா அந்தச் சங்கத்தின் கைக்கு வரும் என்பதும் ஆவணங்களிலிருந்து தெரிந்தது. ஆனால் மனை வாங்குபவர் சங்கத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்றோ, சந்தா கட்ட வேண்டும் என்றோ ஒரு வரியும் இல்லை. எழுதியவர் மறந்தாரா, வாங்க வருபவர்கள் தயங்குவார்கள் என்று வேண்டுமென்றே விட்டாரா என்பது காகிதத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேல் காரியம் விருப்பச் சந்தாவில் ஓடியது. கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். 1995இல் சங்கம் ஒரு முடிவுக்கு வந்து, மூல நிபந்தனைகளில் இருந்த திருத்தப் பிரிவைப் பயன்படுத்தியது; மனை உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் சம்மதித்தால் நிபந்தனைகளை “மாற்றவோ திருத்தவோ” செய்யலாம் என்பது அந்தப் பிரிவு. தேவையான ஆதரவு கிடைத்தது. அன்றுமுதல் உறுப்பினராவது கட்டாயம், சந்தா கட்டாயம், கட்டாவிட்டால் அந்தப் பாக்கியை மனையின்மீது வில்லங்கமாகப் பதிவு செய்யவும் சங்கத்துக்கு உரிமை என்றாயிற்று.

1986இல், அதாவது கட்டாயச் சந்தா என்ற பேச்சே பத்திரத்தில் இல்லாத காலத்தில், மனை வாங்கியிருந்த ஒருவர் இதை ஏற்கவில்லை. நான் வாங்கியபோது இல்லாத சுமையைப் பக்கத்து மனைக்காரர்கள் கூடி ஓட்டுப் போட்டு என் தலையில் வைக்க முடியுமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். சங்கம் வில்லங்கம் பதியப்போவதாக எச்சரித்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

இரண்டு விடைகள்

விசாரணை நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. “மாற்றவோ திருத்தவோ” என்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கும் நிபந்தனைகளைத்தான் குறிக்கும், அடியோடு புதிதான ஒரு கடமையைச் சேர்க்கும் உரிமையை அவை தராது என்பது அதன் நிலை. இல்லினாய் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் லேக்லேண்ட் வழக்கில் எடுத்த பார்வையும் ஏறத்தாழ இதுவே.

கொலராடோ உச்ச நீதிமன்றம் இரண்டு தனித்தனி வழிகளில் சங்கத்துக்குச் சாதகமாக விடை சொன்னது. முதலாவது, திருத்தப் பிரிவின் சொற்களை அவ்வளவு குறுக்கிப் படிக்கத் தேவையில்லை. சிறிய, நியாயமான, எல்லோருக்கும் ஒரே மாதிரியான சந்தாவைச் சேர்ப்பதும் “மாற்றம்” என்பதற்குள் அடங்கும். இரண்டாவது விடை இன்னும் ஆழமானது: அப்படி ஒரு திருத்தமே நிறைவேறாமல் இருந்தாலும்கூட, பொதுச் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பைச் சங்கத்திடம் கொடுக்கும் நோக்கம் மூல ஆவணங்களிலேயே தெரிவதால், அதற்கு வேண்டிய பணத்தை உரிமையாளர்களிடம் கேட்கும் அதிகாரமும் அந்த நோக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கழகம் 2000இல் வெளியிட்ட நிலச் சுமைகள் பற்றிய தொகுப்புரையும் பொதுவாக இந்தத் திசையிலேயே பேசுகிறது.

என் கணிப்பில் முதல் விடை பாதுகாப்பானது, இரண்டாவது சற்றுத் துணிச்சலானது. திருத்தப் பிரிவு பதிவேட்டில் கிடக்கிறது. வாங்கப் போகிறவர் அதைப் படித்துவிட்டு, நாளைக்கு நாலில் மூன்று பங்குப் பேர் சேர்ந்தால் நிபந்தனை மாறும் என்று தெரிந்தே வாங்குகிறார். உள்ளடங்கிய அதிகாரமோ எந்த வில்லங்கச் சான்றிதழிலும் வராது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கடமையை நம்பி மனை வாங்கச் சொல்வது பதிவு முறையின் அடிப்படைக்கே கொஞ்சம் எதிரானது. ஆனாலும், பராமரிப்புப் பொறுப்பு இருக்கிறது, பணம் கேட்கும் உரிமை மட்டும் இல்லை என்று சொன்னால், முன்வந்து கொடுக்கும் பத்துப் பேர் மற்ற ஐம்பது பேரின் சுமையையும் சேர்த்துச் சுமப்பதுதான் நடைமுறையில் மிஞ்சும். இந்தப் பிணக்கை முழுதாகத் தீர்க்காமல், “நியாயமான” என்ற சொல்லை வேலியாக நட்டுவிட்டு நீதிமன்றம் நகர்ந்தது. அந்தச் சொல்தான் பின்னால் வரும் எல்லாத் தகராறுகளுக்கும் வாசல்.

பூங்கா வேறு, சாலை வேறு

பூங்காவுக்குப் போக மாட்டேன் என்று ஒருவர் சொல்லலாம். மலைச்சரிவில் ஐந்து கிலோமீட்டர் உள்ளே வீடு வைத்திருப்பவர் சாலையைப் பயன்படுத்த மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தச் சாலை இல்லாவிட்டால் அவருடைய மனைக்கு விலையே இல்லை. ஆகவே உள்ளடங்கிய அதிகாரம் என்ற கருத்து சற்றுத் தயக்கமின்றி நிற்கக்கூடிய இடம் சாலைதான். பென்சில்வேனியா மாநிலத்தின் நீதிமன்றங்கள் இதை முன்பே கண்டுகொண்டன. 1991இல் மெடோ ரன் வழக்கில், மனையின் பத்திரத் தொடரில் சங்கம் குறிப்பிடப்பட்டு, பொது வசதிகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அதற்கு இருந்தால், பராமரிப்புக்கு நியாயமான தொகை கேட்கும் அதிகாரமும் அதனுள் இருக்கிறது என்று தீர்ப்பானது. 1997இல் ஸ்பின்லர் பாயின்ட் வழக்கு இன்னொரு படி போனது: மனை வைத்திருப்பதே அந்தக் குடியிருப்பின் சாலைகளைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது என்றால், அவற்றைப் பழுதுபார்க்கும் செலவில் தன் பங்கை ஏற்பதாக உரிமையாளர் சொல்லாமலே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

இந்தக் கருத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு, அது சாலையிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்தைச் சேர்ந்த ஆஸ்டர்பெரி வழக்கில், தனியார் அறங்காவலர்கள் ஒரு சாலையைப் போட்டு, அதைப் பழுதில்லாமல் வைத்திருப்போம், சுங்கம் வாங்கிக்கொண்டு மக்களை அனுமதிப்போம் என்று நிலத்தைக் கொடுத்தவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிற்பாடு சாலையும் கைமாறியது, பக்கத்து நிலமும் கைமாறியது. 1885இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஏதோ ஒன்றைச் செய், பணம் செலவழி என்று ஒருவர்மீது சுமத்திய கடமை, நிலத்தை அடுத்து வாங்குபவரைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. இங்கிலாந்தில் இந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1994இல் அதை மறுபடி உறுதி செய்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1938இல் வேறு பாதையில் போனது. நெபோன்சிட் வழக்கில், சாலைகள், நடைபாதைகள், பூங்காக்கள், கடற்கரை, கழிவுநீர்க் குழாய்கள் ஆகியவற்றைப் பராமரிக்க ஆண்டுக் கட்டணம் உண்டு என்று 1917ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஏலத்தில் மனையை எடுத்த ஒரு வங்கி, இது பணம் சம்பந்தப்பட்ட தனிப்பட்ட கடன்தான், நிலத்தைச் சார்ந்ததல்ல என்றது. சங்கத்துக்கென்று அங்கே சொந்த நிலம் எதுவும் இல்லை என்றும் வாதிட்டது. நீதிபதி லெஹ்மன் இரண்டையும் தள்ளினார். பொதுவான சாலை உரிமை மனையோடு வருகிறது, அந்த உரிமையைக் காப்பாற்றும் செலவும் மனையோடு வருகிறது. சங்கம் என்பது உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் பொது உரிமையைக் கவனித்துக்கொள்ளப் பயன்படுத்தும் கருவிதான், ஆகவே அதன் பெயரில் நிலம் இருக்கிறதா என்று தேடுவது வெறும் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. இந்தக் காரணத்தின்மீதுதான் இன்றைய அமெரிக்கக் குடியிருப்போர் சங்கங்களின் வசூல் அதிகாரம் பெரும்பாலும் நிற்கிறது.

ஆங்கிலேயர்கள் தங்கள் கடுமையான விதியின் பக்கத்திலேயே ஒரு சின்ன வாசலையும் வைத்தார்கள். லிவர்பூல் அருகே கிரெசிங்டன் பூங்காக் குடியிருப்பில் 1851இல் எழுதிய பத்திரம், சாலைகளையும் கழிவுநீர் வசதியையும் பயன்படுத்துவோர் செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்றது. சட்டப்படி அந்தக் கடமை பின்வந்தவர்களைக் கட்டாது. ஆனால் சாலையில் போய்வரும் உரிமையே அந்தப் பத்திரத்திலிருந்துதான் வருகிறது. உரிமையை எடுத்துக்கொண்டு செலவை மட்டும் தள்ள முடியாது என்றார் நீதிபதி அப்ஜான். 1957இல் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ஹால்சால் வழக்கு இது. அதே தீர்ப்பில் சங்கம் ஒரு அடியும் வாங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டைப் பல குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர்களிடம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்கத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அப்படிக் கேட்கப் பத்திரம் இடம் தரவில்லை என்று அந்தத் தீர்மானம் செல்லாமல் போனது. பணம் கேட்கும் உரிமை இருந்தது, கணக்குப் போடும் முறையை இஷ்டத்துக்கு மாற்றும் உரிமை இல்லை.

1998இல் தேம்ஸ்மீட் வழக்கில் இந்த எல்லை இன்னும் கூர்மையானது. ஒரு வீட்டுக்காரர் சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கொடுக்க வேண்டும், பத்திரம் அவருக்கு உரிமை தராத பொதுத் தோட்டப் பகுதிகளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கொலராடோவில் பூங்காவுக்கே சந்தா செல்லும் என்று ஆன அதே விஷயத்தில் இங்கிலாந்து சாலையோடு நின்றுவிட்டது.

பங்கு பிரிப்பது எப்படி

அதிகாரம் உண்டு என்று தீர்ந்த பிறகுதான் சண்டை உண்மையில் சூடுபிடிக்கும். கிராவல் சாலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். நல்ல கிராவல் சாலை நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரங்களிலும் சரிவாகவும் இருக்கும். மழைநீர் நடுவில் நிற்காமல் ஓர வாய்க்காலுக்கு இறங்க வேண்டும். வண்டிகள் ஓட ஓட மேடு தட்டையாகிறது, சக்கரத் தடங்கள் பள்ளமாகின்றன, தண்ணீர் அந்தத் தடத்திலேயே சரிவு முழுக்க ஓடுகிறது. சாலைக்கு அடியில் போகும் குறுக்குக் குழாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அடுத்த பெருமழை சாலையை அறுத்துக்கொண்டு போகும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கிரேடர் ஓட்டிச் சமன் செய்து, குழாயைச் சுத்தம் செய்தால் செலவு சிறியது. ஒத்திப்போட்டால் கிராவல் முழுவதையும் புதிதாகக் கொட்ட வேண்டும். சங்கம் பாக்கிக்காரர்களோடு மல்லுக்கட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். வழக்கு முடிந்து கட்டணம் செல்லும் என்று வரும்போது, பழைய கட்டணம் எதற்கும் போதாது.

முகப்பில் இருப்பவர் தான் ஓட்டுவது நூறு மீட்டர்தானே என்பார். வீடு கட்டாமல் மனையை வெறுமனே வைத்திருப்பவர் நான் வருவதே இல்லை என்பார். கடைசியில் இருப்பவர் மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிறார், சாலையை உடைப்பது அவர்தான் என்று எல்லோரும் ஒருசேரச் சொல்வார்கள். மூன்று வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மனைக்கு ஒரே தொகை என்பது வசூலிக்க எளிது, நீதிமன்றத்தில் விளக்கவும் எளிது. சாலை நீளமாகவும் பயன்பாடு வேறுபட்டும் இருக்கும் இடத்தில் அது அநியாயமாகத் தோன்றும்.

கலிபோர்னியாவின் குடிமையியல் சட்டத்தொகுப்பில் 845ஆம் பிரிவு, தனியார் வழியுரிமையைப் பலர் பகிரும்போது ஒப்பந்தம் இருந்தால் அதன்படியும், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் பயன்படுத்தும் அளவின்படியும் செலவைப் பகிர வேண்டும் என்கிறது. ஒத்துவராவிட்டால் நடுநிலையான ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். இங்கே சங்கமே தேவையில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்லாந்து இந்தக் கேள்வியை முற்றிலும் முன்கூட்டியே முடித்துவைத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்நாட்டுத் தனியார் சாலைச் சட்டத்தின் கீழ், சாலையில் உரிமை உள்ள மனைகளின் உரிமையாளர்கள் சேர்ந்ததுதான் சாலைக் கூட்டம். சாலை அந்த மனைக்குத் தரும் பயனையும், போக்குவரத்தின் அளவையும் வைத்து ஒவ்வொருவருக்கும் அலகுகள் ஒதுக்கப்படுகின்றன. அலகுக்கு இவ்வளவு என்று கட்டணம். நிலுவையை வசூலிக்கத் தனியாக நீதிமன்றத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. கூட்டத்தின் முடிவை எதிர்ப்பவர் மூன்று மாதங்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். மரம் ஏற்றும் லாரிக்காரரைப் பற்றிய சண்டை அங்கே அலகுக் கணக்கில் கரைந்துவிடுகிறது. அமெரிக்கக் கிராமப்புறச் சங்கம் ஒன்று அதே முறையைக் கொண்டுவர முயன்றால், கணக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பத்திரத்தில் அதற்கு இடம் உண்டா என்ற கிரெசிங்டன் கேள்வி உடனே எழும்.

சங்கம் எதை எடுத்து வைக்க வேண்டும்

சங்கங்கள் செய்யும் பொதுவான தவறு, பதிவுச் சான்றிதழையும் சங்க விதிகளையும் அதிகாரமாகக் காட்டுவது. மாநிலத்தில் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்வதால் ஒருவருடைய நிலத்தின்மீது உரிமை வந்துவிடாது; சங்க விதிகள் சங்கத்தில் சேர்ந்தவர்களை மட்டும் கட்டும். காட்ட வேண்டியவை வேறு: மூல நிபந்தனைப் பத்திரம், மனைப்பிரிவின் வரைபடம், சாலை யார் பெயருக்கு எப்போது எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற ஆவணம், எதிர்க்கும் உரிமையாளரின் மனைக்குத் தாய்ப் பத்திரம் முதல் வந்த தொடர், அந்தத் தொடரில் சங்கம் எங்கே குறிப்பிடப்படுகிறது என்பது. திருத்தம் இருந்தால், ஓட்டுக் கணக்கும் அது பதிவான நாளும் வேண்டும். எவர்கிரீன் ஹைலண்ட்ஸ் சங்கத்தைக் காப்பாற்றியது 1995ஆம் ஆண்டின் ஆதரவு மட்டுமல்ல; 1972ஆம் ஆண்டின் காகிதத்தில் சங்கத்தின் பெயர் இருந்ததும்தான்.

சாலைக் கட்டணம் என்ற பெயரில் நுழைவுக் கூடத்தையும் விருந்து மண்டபத்தையும் சேர்த்து வசூலிக்கும் சங்கம் தன் வலுவான வாதத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது. பத்திரம் மௌனமாக இருக்கும் இடத்தில் கிடைப்பது பராமரிப்புச் செலவுக்கான அதிகாரம். அதை மேம்பாட்டுச் செலவுக்கு, உதாரணமாகக் கிராவல் சாலையைத் தார்ச்சாலையாக்க, நீட்டுவது வேறு விஷயம், அதற்குத் தனி ஓட்டு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பாக்கிக்காரரைப் பணிய வைக்கக் கேட்டைப் பூட்டுவது அதைவிட மோசம். அவருடைய வழியுரிமை பதிவேட்டில் இருக்கும்போது, 50 டாலர் பாக்கிக்காக அவர் வீட்டுக்குப் போகும் ஒரே வழியை அடைத்த சங்கம் வாதியாக நுழைந்து பிரதிவாதியாக வெளியே வரும்.

மறுக்கும் உரிமையாளரும் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம், சொத்து தனியார் சாலையில் இருந்தால், அந்தச் சாலையைப் பராமரிக்கச் சட்டப்படி செல்லத்தக்க ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டமே பொறுப்பை வரையறுத்திருந்தால் அது தேவையில்லை. சங்கத்துக்கு அதிகாரமே இல்லை என்று வழக்கில் ஜெயிக்கும் உரிமையாளர், பின்னொரு நாள் வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் கடன் அதிகாரி அதே சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கேட்பார்.

1917ஆம் ஆண்டின் நெபோன்சிட் பத்திரத்தை எழுதியவர் இத்தனையையும் முன்பே யோசித்தவர்போல் இருக்கிறது. கட்டணம் எதற்கு என்று பெயர் சொல்லி எழுதினார். 20 அடிக்கு 100 அடி அளவுள்ள மனைக்கு ஆண்டுக்கு 4 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார். கட்டணம் வாங்கும் உரிமை அடுத்து எந்தச் சங்கத்துக்குப் போகும் என்றும் சொன்னார். இந்தக் கடமை 1940 ஜனவரி 31ஆம் தேதியோடு முடியும் என்று ஒரு தேதியையும் போட்டுவைத்தார்.